கடைசி நாலு கிலோமீட்டர்

தை பிறந்துவிட்டால் சின்னசேலத்திலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலைக்குப் பாதி அகலம்தான். மீதிப் பாதியில் மக்காச்சோளம் காயும். காலையிலேயே டிராக்டரில் கொண்டுவந்து கொட்டி, காலால் கிளறிப் பரப்பி, பஸ்காரன் மேலே ஏற்றிவிடாமல் இருக்கச் சுற்றிலும் பெரிய பெரிய கற்களை வரிசையாக வைத்துவிடுவார்கள். பஸ்காரன் விலகிப் போவான். எதிரே வருகிறவனும் விலகிப் போவான். இரண்டு பேரும் ஒரே இடத்தில் விலகினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. ஊருக்குச் சிமெண்ட் போட்ட பொதுக்களம் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், ஏரிக்கரை வரை ஏற்றி இறக்க வேண்டும். தார் ரோடு என்றால் காட்டை ஒட்டியே கிடக்கிறது, கேட்பாரும் இல்லை.

அன்று அரங்கநாதன் தன் சோளத்தைக் கிளறிக்கொண்டே மகளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். லாரிக்காரன் தூக்கத்தில் ஓட்டுவான், கர்நாடகாக்காரனுக்கு நம் பாஷை தெரியாது, தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காது, பெங்களூரில் பிரேக் பிடித்தாலும் பின்னால் வருகிறவன் பிடிக்க மாட்டான். ஒரு மாதமாக இதே பாட்டுதான். இசைவாணி வண்டியின் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் தலையாட்டினால் கேட்கப் போவதில்லை என்று அர்த்தம். அது அவருக்கும் தெரியும்.

இசைவாணிக்கு இருபத்தேழு வயது. ஒரு விதைக் கம்பெனியில் களப்பணி. கல்வராயன் மலையில் கரியாலூர், வெள்ளிமலை என்று கொண்டை ஊசி வளைவுகளில் விதைப் பைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தினமும் ஏறி இறங்குகிறவள். அவளுக்கு ஒரு ஆசை பிடித்துக்கொண்டது. இருபத்து நாலு மணி நேரத்துக்குள் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் மோட்டார் சைக்கிளில் ஓட்ட வேண்டும். ஓட்டி முடித்தால் ஒரு பைக் சங்கத்தார் சான்றிதழும் ஒரு பித்தளை வில்லையும் தருவார்கள். அதற்காகவா இந்தப் பாடு என்று கேட்டவர்களிடம், நம்மால முடியுமான்னு பாக்கணும், அவ்வளவுதான் என்றாள். ஐப்பசியில் ஒரு முறை முயன்று, மழை பிடித்துக்கொள்ள, பாதி வழியில் தாவணகெரேயிலேயே திரும்பிவிட்டாள். ஊரில் இரண்டு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அவள் வாயைத் திறக்காமல் மறுபடி லீவு சேர்க்க ஆரம்பித்தாள்.

கணக்கு எளிமையானது. கச்சிராயபாளையம் பெட்ரோல் பங்க்கில் எண்ணெய் போட்டு ரசீது வாங்கிக்கொண்டு சாயங்காலம் ஏழு மணிக்குப் புறப்பட வேண்டும். கர்நாடகாவின் வடக்கோரம் பெல்காம் வரை போய்த் திரும்பி, மறுநாள் ஏழு மணிக்குள் அதே பங்க்கில் எண்ணெய் போட்டு ரசீது வாங்கிவிட வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் ஓட்டியது ஓட்டாததுதான். அரங்கநாதன் வழியனுப்ப வரவில்லை. கோபித்துக்கொண்டு வீட்டில் படுத்துக்கொண்டார்.

அவள் அடித்துப் பிடித்து ஓட்டுகிறவள் இல்லை. அதுதான் அவளுடைய பலம். ஒரே சீராக, எங்கும் அநாவசியமாக நிற்காமல் ஓட்டினாள். தொப்பூரில் லாரிகளுக்குப் பின்னாலேயே பொறுமையாக ஏறினாள். பெங்களூரை ஊர் அடங்கிய பிறகு கடந்தாள். பெல்காமில் விடிந்தது. கடலை உருண்டையும் மோருமாகவே வயிற்றைச் சமாளித்தாள். திரும்பும்போது ஹிரியூர் பக்கம் கண் செருகியது. இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாம் என்று மனம் சொன்னதை அவள் கேட்கவில்லை. ஒரு பங்க்கின் சிமெண்ட் மேடையில் கைப்பேசியில் அலாரம் வைத்துவிட்டுப் படுத்தாள், எழுந்து முகம் கழுவினாள், மறுபடி ஏறினாள். சேலம் வந்ததும் முதுகு மரத்துப்போயிருந்தது, உள்ளங்கையில் கொப்புளம். சின்னசேலத்தில் சாலை பிரிந்தபோது இன்னும் நாற்பது நிமிஷம் கையில் இருந்தது. ஹெல்மெட்டுக்குள் தன்னந்தனியாகச் சிரித்துக்கொண்டாள். இனி அவளை யார் தடுப்பது.

பங்க்குக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது, அவர்கள் காட்டை ஒட்டிய வளைவில், ஒரு விளக்கு வாய்க்காலுக்குள் எரிவதைப் பார்த்தாள். வேகத்தைக் குறைத்தாள். குறைத்ததால்தான் பிழைத்தாள். இரண்டடி முன்னால், தார் நிறத்திலேயே ஒரு கல் கிடந்தது. அதைத் தாண்டி இன்னும் மூன்று கல். ஓரத்தில் சோளக் குவியல், பச்சைத் தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டியது. அந்தத் தார்ப்பாயை அவளே கம்பெனியிலிருந்து அப்பாவுக்கு வாங்கிக்கொண்டுவந்து கொடுத்திருந்தாள். பகலில் பரப்பும்போது வைக்கிற கல்லைச் சாயங்காலம் யாரும் எடுப்பதில்லை. காலையில் மறுபடி வேண்டுமே.

வாய்க்காலில் ஒரு மொபெட் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் செவ்வந்தி. கரும்பு வெட்டிவிட்டு வீடு திரும்புகிறவள். எதிரே வந்த வேனுக்கு ஒதுங்கி இருட்டில் கல்லில் ஏற்றியிருக்கிறாள். வேன் நிற்காமல் போய்விட்டது. நெற்றியில் ரத்தம். இடது கால் முழங்காலுக்குக் கீழே மனிதக் கால் மடங்கக் கூடாத பக்கமாக மடங்கியிருந்தது. இந்தச் சோளத்தை ஒடித்த ஆட்களில் அவளும் ஒருத்தி.

இசைவாணி நூற்றெட்டுக்குப் போன் செய்தாள். துப்பட்டாவைக் கிழித்து நெற்றியில் கட்டினாள். காலை ஆட்ட வேண்டாம் என்று சொல்லித் தன் ஜாக்கெட்டைச் சுருட்டி முட்டுக் கொடுத்தாள். அதற்குள் பக்கத்துக் காட்டிலிருந்து நாலைந்து பேர் டார்ச்சோடு வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவர் கொளஞ்சியப்பன், அவளுக்குச் சித்தப்பா முறை. அவருடைய சோளமும் நூறடி தள்ளி இதே சாலையில்தான் கிடந்தது. வந்தவர் செவ்வந்தியை ஒரு பார்வை பார்த்தார், கல்லை ஒரு பார்வை பார்த்தார். கல்லைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"நீ கெளம்பு பாப்பா. உனக்கு டைம் ஆவுதில்ல? ஊரே உன்னத்தான் பாத்துக்கினு கீது. இத நாங்க பாத்துக்கறோம்."

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பொய் சொல்வானேன், பார்க்கத்தான் செய்தாள். இன்னும் இருபது நிமிஷம். நாலு கிலோமீட்டர். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, ஆட்கள் இருக்கிறார்கள், இனி அவள் இங்கே நின்று ஆகப் போவது ஒன்றும் இல்லை. கால் வண்டியை நோக்கி இரண்டு அடி எடுத்து வைத்தும் விட்டது. அப்போதுதான் பின்னால் கொளஞ்சியப்பன் இரண்டு பேரிடம் கல்லையெல்லாம் வாய்க்காலில் உருட்டிவிடச் சொல்வது காதில் விழுந்தது. பிறகு அவர் செவ்வந்தியிடம் குனிந்தார்.

"நாய் குறுக்க வந்துச்சில்ல? யாரு கேட்டாலும் அப்பிடியே சொல்லிடு. கேசு கீசுன்னு போனா உனக்குந்தான் அலைச்சல்."

செவ்வந்தி தலையாட்டினாள்.

இசைவாணி திரும்பி வந்து, நாய் வந்ததா அக்கா என்று கேட்டாள். செவ்வந்தி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னாள்.

"நாளைக்கி இவங்க காட்டுக்குத்தான பாப்பா நா வேலைக்கி வரணும்."

கால் எலும்பு வெளியே துருத்தப் பார்க்கிறது, அவள் நாளைய களையெடுப்பைப் பற்றிப் பேசுகிறாள். தான் போய்விட்டால் கல் போய்விடும், கல் போய்விட்டால் இந்தப் பெண் பார்த்து ஓட்டாமல் விழுந்தவள் ஆகிவிடுவாள் என்பது இசைவாணிக்குப் பளிச்சென்று புரிந்தது. ஊரே வந்து நின்று ஆமாம், நாய்தான், கறுப்பு நாய் என்று வாலின் நீளத்தைக்கூடச் சொல்லும்.

அவள் வண்டியை உருட்டிக்கொண்டு வந்து கற்களுக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினாள். முகப்பு விளக்கைக் கல்மேல் படும்படி எரியவிட்டாள். வருகிற வண்டிகளுக்குத் தெரியட்டும் என்று இண்டிகேட்டரையும் போட்டாள். பிறகு முதல் கல்லின்மேல் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"கல்லு இங்கயே கெடக்கட்டும் சித்தப்பா. வர்றவங்க பாக்கட்டும்."

"அது உங்கப்பன் கல்லு. தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"உங்கப்பன ஸ்டேசன்ல நிக்க வைக்கப் போறியா?"

அவள் கல்லைவிட்டு எழுந்திருக்கவில்லை. கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கல்லின்மேல் உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிஷம், ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டரை விட நீளமாக இருந்தது அவளுக்கு.

கொளஞ்சியப்பன் போன் செய்ததில் அரங்கநாதன் யாரோ ஒருவர் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். வழியனுப்ப வராதவர், வரவேற்க மட்டும் யாருக்கும் சொல்லாமல் பங்க்கில் ஒரு மணி நேரமாகக் காத்திருந்திருக்கிறார். இறங்கியதும் மகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அவள்மேல் இருந்த ரத்தம் அவளுடையது இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விட்டார். கொளஞ்சியப்பன் அவரை ஓரமாக இழுத்துப் போய் நாய்க் கதையைச் சொன்னார், உன் பெண்ணைக் கல்லைவிட்டு எழச் சொல் என்றார். அரங்கநாதன் எழச் சொல்லவில்லை. விளக்கு வெளிச்சத்தில் கல்லையும், அதன்மேல் உட்கார்ந்திருந்த மகளையும், அந்தப் பக்கம் படுத்திருந்த செவ்வந்தியையும் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்.

ஆம்புலன்ஸ் வந்தது. செவ்வந்தியைத் தூக்கி ஏற்றிவிட்டு, வந்த ஊழியர் எப்படி விழுந்தார்கள் என்று கேட்டார். கொளஞ்சியப்பன் நாய் என்று வாயெடுத்தார்.

"நாயில்ல தம்பி," என்றார் அரங்கநாதன். "கல்லு. நா வச்ச கல்லு. எழுதிக்கங்க."

அவர் தார்ப்பாயைக் கை காட்டினார்.

"பனி எறங்கினா சோளம் நனையுமேன்னு தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் இழுத்துக் கட்டிட்டுப் போனேன். மனுசங்க வருவாங்களேன்னு ஒரு கல்ல ஓரமா தள்ளிட்டுப் போவல."

அவரே ஆம்புலன்சில் ஏறி செவ்வந்தியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனார். அப்போது மணி ஏழு ஆகியிருந்தது.

இசைவாணி அந்தக் கற்களை ஒவ்வொன்றாகக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள். பிறகு தானே சாலையைவிட்டு உருட்டித் தள்ளினாள். கொப்புளம் உடைந்து எரிந்தது. இரண்டாவது கல்லுக்கு வேறு யாரோ கை கொடுத்தார்கள். பங்க்குக்குப் போனபோது நேரம் கடந்து வெகுநேரம் ஆகியிருந்தது. இருந்தாலும் எண்ணெய் போட்டு, உள்ளபடியான நேரத்துக்கே ரசீது வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போய் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே கொஞ்ச நேரம் அழுதாள். தோற்றால் வலிக்கத்தானே செய்யும்.

வழக்குப் பதிவானது. அரங்கநாதன் இரண்டு முறை ஸ்டேஷனுக்குப் போய் நின்றார், அபராதம் கட்டினார். செவ்வந்தியின் காலுக்குத் தகடு வைத்தார்கள். அவள் ஊன்றி நடக்கும்வரை வாரம் தவறாமல் கூலி அவள் வீட்டுக்குப் போனது. அதை அவர் தர்மம் என்று சொல்லிக்கொள்ளவில்லை, சொல்லவும் கூடாது. தன் சோளத்தை அள்ளிக்கொண்டு ஏரிக்கரைக் களத்துக்குப் போய், முறைக்குக் காத்திருந்து காயவைத்தார். தாமதமானதால் விலை இறங்கிப்போனதாக வியாபாரி சொன்னான். இறங்கட்டும் என்று போட்டுவிட்டு வந்தார்.

மாசிக் கடைசியில் இசைவாணி மறுபடி புறப்பட்டாள். அதே தூரம், அதே பங்க், அதே ஏழு மணி. இந்த முறை அரங்கநாதன் லாரிக்காரனைப் பற்றியோ தொப்பூரைப் பற்றியோ வாயைத் திறக்கவில்லை. அவள் திரும்பி வர வேண்டிய சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே கையில் ஒரு கடப்பாரையோடு சாலையில் இறங்கிவிட்டார். யார் காட்டு ஓரமாக இருந்தாலும் சரி, வழியில் கிடந்த கல்லையெல்லாம் நெம்பித் தள்ளிக்கொண்டே வந்தார். கொளஞ்சியப்பன் அடுத்து ஒடித்த சோளத்தைக் குவித்து மூடிக்கொண்டிருந்தவர், ஓடி வந்து மறித்தார். தன் கல்லைத் தொட இவர் யார் என்றார். உன் மகள் வருகிறாள் என்பதற்காக ஊரார் பிழைப்பைக் கெடுப்பாயா என்றார். பாட்டன் காலத்திலிருந்து இதே ரோட்டில்தான் காயவைக்கிறோம், இப்போது மட்டும் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்டார்.

அரங்கநாதன் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"எம்பொண்ணு நேத்திக்கும் நல்லாதான் ஓட்டிச்சி, இன்னிக்கும் நல்லாதான் ஓட்டிக்கினு வரும். அதுக்காக இல்ல கொளஞ்சி. பெல்காம் வரைக்கும் எவன் எவனோ ரோடு போட்டு, எவன் எவனோ வண்டி ஓட்டுறான். ஒருத்தனும் அது மேல கல்ல வைக்கல. வச்சது நாமதான், நம்ம ஊருக்காரங்க வூட்டுக்கு வர்ற வழியில. ரோடு களம் இல்லப்பா. நாம இதுல காயவைக்கிற ஒவ்வொரு மூட்டையும் யாரோ ஒருத்தர் எலும்பு மேலதான் காயுது."

சொல்லிவிட்டு அடுத்த கல்லுக்குக் கடப்பாரையைக் கொடுத்தார்.