மூன்றாம் பதிப்பும் ஐந்தாம் பதிப்பும்

திரையில் நாற்பத்தொரு பிழை. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். நான் எழுதியதே அறுபது வரி. அதில் நாற்பத்தொன்று சிவப்பாக நின்றால் ஒரு மனிதனுக்கு எப்படி இருக்கும்? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுவர்க் கடிகாரத்தில் இன்னும் பதினொரு நிமிடம் பாக்கி இருந்தது. பக்கத்து மேஜையில் நிதானம் இரண்டே விரலால் தட்டித் தட்டி முடித்துவிட்டுத் தன் புரோகிராமை ஓடவிட்டான். அது ஓடியது.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுவிடுவீர்கள்.

சரக்கு லாரி கம்பெனி எங்களுடையது. எந்த லாரி எங்கே நிற்கிறது, எப்போது போய்ச் சேரும் என்று சொல்லும் புரோகிராமை நானும் நிதானமும்தான் பதினேழு வருடமாகப் பார்த்துக்கொண்டோம். நிதானம் என்பது ஆபீஸ் வைத்த பெயர். தீப்பிடித்தது என்று சொன்னாலும் நாற்காலியை மேஜைக்குள் தள்ளி வைத்துவிட்டுத்தான் வெளியே வருவான். நான் நேர்மாறு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வாய் முந்திக்கொள்ளும். ஆனாலும் எங்களுக்குள் ஒத்துப்போனது.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். புரோகிராம் எழுதியிருந்த பழைய கணினி மொழியைத் தூக்கிவிட்டு எல்லாவற்றையும் ஒரு புது மொழியில் எழுதப் போகிறார்களாம். அதைச் சொன்னபோது நாங்கள் தலையாட்டினோம். அடுத்ததைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஆறு வாரம் டைம். ரெண்டு பேரும் படிங்க. நம்ம ஆபீஸ் மெஷின்லயே ஒரு டெஸ்ட் வைப்பேன். ஒருத்தர்தான் இருக்க முடியும். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பா எடுத்துக்காதீங்களாம்! எனக்கு நாற்பத்தொன்பது வயது. இந்தத் தொழிலில் அந்த வயதுக்கு யார் கதவைத் திறப்பார்கள்? நிதானத்துக்கு என்னைவிட ஒரு வயது கூட. வெளியே வந்து இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்தோம்.

கடைசியில் அவன்தான், "சரி, புக் வாங்கணும். எனக்கும் சேத்து நீயே வாங்கிட்டு வந்துடு மச்சான். நான் போனா அட்டை அழகா இருக்குன்னு எதையாவது தூக்கிட்டு வந்துடுவேன்" என்றான்.

புத்தகம் பொறுக்குவதில் என்னை அடிக்க ஆள் இல்லை என்பது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். முன்னுரையை நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முன்னுரையில் எல்லோரும் நல்லவர்கள்தான். நேராகப் பிழைகளைப் பற்றிய அத்தியாயத்தைப் பிரிப்பேன். தப்பு செய்தவனிடம் எரிந்து விழாமல் பேசுகிற ஆசிரியருக்குத்தான் பாடம் சொல்லத் தெரியும். பிறகு எடுத்துக்காட்டுகள். பாதி எழுதிவிட்டு மீதியை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள் என்று நழுவுகிற புத்தகத்தை அங்கேயே வைத்துவிடுவேன். எழுதத் தெரிந்தவனுக்கு எதற்குப் புத்தகம்?

கடையில் அந்த மொழிக்கென்று மூன்று தட்டு இருந்தது. ஒரே வாரத்தில் சொல்லித்தருவதாகச் சத்தியம் செய்யும் ஒல்லிப் புத்தகங்கள் ஒரு வரிசை. தலையணைக்கு ஆகும், படிப்புக்கு ஆகாது என்கிற தடிமனில் இன்னொரு வரிசை. ஒன்றரை மணி நேரம் நின்று புரட்டியதில் ஒன்றே ஒன்று தேறியது. ஐந்தாம் பதிப்பு, ஒரே பிரதி. அதே புத்தகத்தின் மூன்றாம் பதிப்பு ஒன்று கீழ்த்தட்டில் தூசியோடு கிடந்தது. குனிந்து எடுத்தேன்.

"அது பழசு சார்," என்றார் கடைக்காரம்மா. "நடுவுல அந்த மொழியே பாதி மாறிடுச்சு. பழைய மாதிரி எழுதினா புதுசுல ஓடாது, புதுசு மாதிரி எழுதினா பழசுல ஓடாது. அஞ்சாவது இன்னொரு காப்பி நாளைக்கே வந்துடும். எடுத்து வெக்கட்டுமா?"

கடை என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. நாளை வந்திருக்கலாம்.

"வேணாம்மா. ரெண்டையும் கட்டிடுங்க," என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. தெருவில் இறங்கினேன். திரும்பிப் போகலாமா என்று தோன்றியது, போகவில்லை.

மறுநாள் மூன்றாம் பதிப்பை அவனிடம் கொடுத்தேன்.

"உனக்கும் இதேதானா?"

"ஒண்ணுதான்டா. அட்டைதான் வேற."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். கண்ணில் ஒற்றிக்கொள்ளாததுதான் பாக்கி.

ஆறு வாரம் படித்தேன். ஆபீஸில் புத்தகத்தை வெளியே எடுக்கவே இல்லை, பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். வீட்டில், என் கணினியில், அந்த மொழியின் புத்தம்புதிய வெர்ஷனை இறக்கிக்கொண்டு, விடிந்ததும் இரண்டு மணி நேரம் பழகினேன். நிதானம் வீட்டுக் கணினி எப்போதும் அவன் இரண்டு பெண்களின் கையில். அதனால் மதிய இடைவேளையில் ஆபீஸ் மெஷினில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பான். பார்க்கும்போதெல்லாம் பாவமாக இருக்கும். பாவம் பார்த்துக்கொண்டே என் பாட்டுக்குப் படித்தேன்.

இப்போது அந்த நாற்பத்தொரு பிழைக்கு வருகிறேன். முதல் பிழையைப் படித்ததுமே புரிந்துவிட்டது. எங்கள் சர்வர் அறைக்காரருக்கு ஒரே வேதம்தான்: ஓடுகிற மெஷினில் கை வைக்காதே. நாலு வருடத்துக்கு முன்பு யாரோ கேட்டார்கள் என்று அந்தப் புது மொழியை எல்லா மெஷினிலும் ஒரு தடவை ஏற்றினார். அதோடு சரி. எங்கள் ஆபீஸில் இருப்பது பழைய வெர்ஷன். மூன்றாம் பதிப்பின் வெர்ஷன்! அந்த மனிதரோடு பதினேழு வருடம் சண்டை போட்டவன் நான். எனக்கு எப்படி அது நினைவுக்கு வராமல் போயிற்று? கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். அடுத்தவன் தலையில் போடத் தூக்கிய கல்லை என் தலையிலேயே போட்டுக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மதியமே மேனேஜர் முடிவைச் சொல்லிவிட்டார். நாற்காலி நிதானத்துக்கு. அவன் முகத்தில் சிரிப்பைக் காணோம். "சாயங்காலம் வீட்டுக்கு வா. பேசணும்" என்றான். குரல் சரியில்லை. தெரிந்துவிட்டது, சட்டையைப் பிடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். பிடிக்கட்டும் என்றுதான் போனேன்.

"வாங்கண்ணா," என்று கதவைத் திறந்தது தங்கச்சி, அவன் மனைவி. அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். டீ கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். மேஜைமேல் ஒரு கடிதம் இருந்தது. நிதானம் என் எதிரில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசுவதற்குள் அழ ஆரம்பித்துவிட்டான்.

"முதல் வாரமே எனக்குத் தெரியும் மச்சான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன தெரியும்?"

"நீ டீ குடிக்கப் போனப்போ உன் பை சரிஞ்சு விழுந்துச்சு. எடுத்து வெக்கும்போது பாத்தேன். உன்னோடது அஞ்சாம் பதிப்பு. அதுல ஒரு எடுத்துக்காட்டை நம்ம மெஷின்ல அடிச்சுப் பாத்தேன், ஓடலை. என் புக்ல இருக்கிறது ஓடிச்சு. அப்பதான் உறைச்சுது." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "நம்ம மெஷின்ல எது ஓடும்னு உனக்குத் தெரியாதா? ஓடுறதை எனக்குக் குடுத்துட்டு, ஓடாததை நீ வெச்சுக்கிட்டே. எனக்கு ரெண்டு பொண்ணுங்கன்னு நீயா விலகிக்கிட்டே."

நான் டீயைக் கையில் எடுத்தேன்.

"கேக்கணும்னு தினம் வாய் வரைக்கும் வரும். கேட்டா, சரி மாத்திக்கலாம்னு சொல்லிடுவியோன்னு பயம். ஆறு வாரம் வாயை மூடிக்கிட்டுப் படிச்சேன். நான்லாம் மனுஷனாடா?" கடிதத்தை என் பக்கம் தள்ளினான். "ராஜினாமா எழுதிட்டேன். காலையில மேனேஜர்கிட்ட குடுத்துடுவேன். அந்த நாற்காலி உன்னோடது."

நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனால் போதும், வேலை எனக்கு. ஒரு நிமிடம் அதை யோசித்தேன். ஆமாம், யோசித்தேன். அவன் எதிரில் அழுதுகொண்டிருக்கும்போதே யோசித்தேன். அதைத்தான் இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை.

பிறகு சொல்லிவிட்டேன். "இல்லடா. உன்னைக் கவுக்கத்தான் பழசைக் குடுத்தேன். நம்ம மெஷினோட வெர்ஷன் எனக்கு ஞாபகமே இல்ல. கடைக்காரம்மா பழசு வேணாம்னு சொன்னாங்க. அஞ்சாவது இன்னொண்ணு நாளைக்கே வரும்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன்."

நிதானம் என்னையே பார்த்தான். பிறகு அழுகைக்கு நடுவே சிரித்தான்.

"பாத்தியாடி இவனை? எனக்கு மனசு உறுத்தக்கூடாதுன்னு தன் மேலயே சேத்தை வாரிப் பூசிக்கிறான்!"

"டேய், சத்தியமாடா!"

"போடா. உனக்குப் பொய் சொல்லவே வராது. மூஞ்சியே காட்டிக் குடுக்குது." எழுந்து வந்து என் தோளைக் கட்டிக்கொண்டான். அந்தக் கை என்மேல் நெருப்பாகக் கிடந்தது. உண்மையைச் சொல்லியும் ஒருவன் நம்பாமல் போவான் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அதற்குள் பின்கட்டிலிருந்து சின்னப் பெண் கூப்பிட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

தங்கச்சி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"அஞ்சாவது மறுநாளே வரும்னு கடையில சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"சொன்னாங்கம்மா."

"எடுத்து வெக்கட்டுமான்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

மேஜையருகே வந்தாள். கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தாள். அதை நாலாக்கினாள். துண்டுகளைக் கைக்குள் வைத்துக்கொண்டு வாசல் கதவைத் திறந்து பிடித்தாள்.

"அவர் நம்ப மாட்டார் சார்," என்றாள். "நான் நம்புறேன்."