ஃப்ரிட்ஜில் வைத்த இரங்கல்

ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில், கொண்டுவந்திருந்த ரொட்டியைப் பிரித்துக்கொண்டே, எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து கோச்சுக்குப் பேட்டிக்காக முந்தின நாள் அனுப்பிய கேள்விகளை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம் என்று ஃபோனில் மெயிலைத் திறந்தேன். கேள்விகளைக் காணோம். அந்த இடத்தில் கோச்சின் இரங்கல் கட்டுரை இருந்தது. எழுதியவள் நான்தான். கோச் உயிரோடு இருக்கிறார்.

பத்திரிகைத் தொழில் தெரியாதவர்களுக்கு இது விபரீதமாகத் தோன்றும். ஊரறிந்த மனிதர் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் நாங்கள் எழுத உட்கார்ந்துவிடுவோம். உயிர் போன பிறகு ஆரம்பித்தால் அச்சுக்கு நேரம் இருக்காது. எழுதி முடித்ததை ஒரு தனி ஃபோல்டரில் போட்டு வைப்போம். அதற்கு எங்கள் ஆபீஸில் ஃப்ரிட்ஜ் என்று பெயர். “அவருக்கு எழுதியாச்சா?” என்று கேட்டால் “ஃப்ரிட்ஜ்ல இருக்கு சார்” என்போம். ஈவு இரக்கம் இல்லாதவர்கள் என்று எங்களை நினைத்துவிடாதீர்கள். கோச்சுக்கு எழுதும்போது நான் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்துதான் மீதியை எழுதினேன்.

அவருடைய கல்லூரியில்தான் நானும் படித்தேன். பந்தைக் கையால் தொட்டதில்லை. என் உயரத்துக்கு அந்தக் கூடையை அண்ணாந்து பார்ப்பதே பெரிய வேலை. ஆனால் கூடைப்பந்து மேட்ச் என்றால் கேலரியில் கத்தியே தொண்டை கட்டிப்போகிறவள். கோச் பெஞ்சின் நடுவில் உட்கார மாட்டார். ஆட இடம் கிடைக்காத பையன்களோடு கடைசியில் உட்கார்ந்திருப்பார். தோற்றுப்போன அன்றைக்கு டீமையே சாப்பிடக் கூட்டிக்கொண்டு போய், ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசாமல் மற்ற எல்லாவற்றையும் பேசுவார். அப்படிப்பட்டவருக்குப் போன மழைக்காலத்தில் மாரடைப்பு வந்தது. டாக்டர்களே கையை விரித்தார்கள். நான் கட்டுரையை எழுதினேன். மனிதர் எழுந்து உட்கார்ந்து போட்ட ஊசிக்கெல்லாம் காரணம் கேட்க ஆரம்பித்துவிட்டார். கட்டுரை ஃப்ரிட்ஜிலேயே தங்கிவிட்டது.

இப்போது கல்லூரியில் புதிதாக ஓர் உள்ளரங்கம் கட்டியிருக்கிறார்கள். அதையொட்டி அவரை நேரில் பார்த்து ஒரு பேட்டி எடுத்து வரச் சொன்னார் எங்கள் விளையாட்டுப் பக்க ஆசிரியர். எதையும் குத்திக் குத்தியே கேட்பதால் அவருக்குக் குண்டூசி என்று பெயர். கேள்விகளை முன்கூட்டியே அனுப்பினால்தான் பேசுவேன் என்று கோச் சொல்லியிருந்தார். நானும் அனுப்பினேன். இரண்டு ஃபைலுக்கும் பெயர் ‘கோச்’ என்றுதான் ஆரம்பிக்கும். புத்தி கெட்டவள், வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் எதை இணைத்தோம் என்று திறந்தே பார்க்கவில்லை.

வாயிலிருந்த ரொட்டியை மெல்லாமலே விழுங்கினேன். கோச்சுக்கு ஃபோன் போட்டேன். அணைத்து வைத்திருந்தது. வீட்டு எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் குண்டூசியைக் கூப்பிட்டேன்.

“சார், கோச்சுக்குக் கேள்விக்குப் பதிலா ஃப்ரிட்ஜ் ஃபைல் போயிடுச்சு.”

“எந்தக் கோச்சுக்கு?” என்றார், நாலைந்து கோச் இருப்பதுபோல.

“நம்ம கோச்சுக்குத்தான் சார்.”

“அடிப்பாவி! அவருக்கு ஹார்ட்டு வேற சரியில்லையே.”

“அதான் எனக்கும் உயிரே இல்ல.”

“நீ போய்ச் சேரு. முதல்ல ஆள் இருக்காரான்னு பாரு. அப்புறம் உன் வேலை இருக்கான்னு நான் பார்க்கிறேன்.”

வேலை போனால் போகட்டும் என்றுதான் தோன்றியது. அந்த மனிதர் தன் சாவுச் செய்தியைத் தானே படித்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தால் நான் எந்த முகத்தோடு வாழ்வது? கட்டுரையை அவர் கண்ணால் படித்துப் பார்த்தேன். ‘கூடைப்பந்து உலகின் மாமனிதர்’ என்று தொடங்குகிறது. எந்தத் தேதியில், எந்த நோயால் என்பதற்கு மட்டும் கோடு போட்டு இடம் விட்டிருக்கிறேன்.

அதைவிட மோசம், கட்டுரையின் நடுவில் இருந்த ஏணியின் வார்த்தைகள். ஏணி என்பது கோச்சின் அணித் தலைவராக இருந்தவரின் பட்டப்பெயர். ஆள் அவ்வளவு உயரம். மாகாண இறுதி ஆட்டத்துக்கு முன்னால் முட்டியில் அடிபட்டிருந்ததை மறைத்து ஆடினார். கோச்சுக்காக ஜெயிக்க வேண்டும் என்று ஆசை. ஆட்டத்தின் நடுவில் முட்டி மடங்கி விழுந்தவர், அதற்குப் பிறகு ஆடவே இல்லை. வலித்தால் சொல்லிவிட வேண்டும் என்பது கோச் வைத்த ஒரே சட்டம். ஆஸ்பத்திரியில் ஏணியின் கட்டிலருகே நின்றுகொண்டு கோச், “பொய் சொன்னவன் இனிமே என் முகத்துல முழிக்காதே” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதோடு சரி. தலை நரைக்கிற வயது வரை இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை.

ஏணி இப்போது ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். தேடிப் பிடித்து இரங்கலுக்கு இரண்டு வார்த்தை கேட்டபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினார். பேசிவிட்டு, “இது அவர் இருக்கிற வரைக்கும் வெளியில வரக் கூடாதும்மா. அவர் போன அன்னைக்கு எனக்கு ஒரு ஃபோன் பண்ணுங்க, எங்க இருந்தாலும் வந்துடுவேன். மத்தபடி கூப்பிடாதீங்க. உங்க நம்பரைப் பார்த்தாலே அவர் போயிட்டார்னு நெனைச்சுடுவேன்” என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தச் சத்தியமும் இப்போது கோச்சின் இன்பாக்ஸில் கிடக்கிறது.

ரயில் நிலையத்திலிருந்து கோச்சின் வீடு நடக்கிற தூரம்தான். சைக்கிள் பழுது பார்க்கும் கடை, தபால் பெட்டி, வரிசையாக ஒரே மாதிரி மாடி வீடுகள். அவர் வீட்டை அடையாளம் கேட்கத் தேவையே இருக்கவில்லை. கதவு அகலத் திறந்து கிடந்தது. படிக்கட்டில் கூட்டமாகச் செருப்புகள்.

சரி, போய்விட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். திரும்பி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்போது உள்ளேயிருந்து கொல்லென்று சிரிப்புச் சத்தம் வந்தது. துக்க வீட்டில் இப்படிச் சிரிக்க மாட்டார்கள். நான் மூச்சு விட்டது எனக்கே கேட்டது.

அக்கம்பக்கத்து ஆட்கள் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். பின்னாலேயே கோச்சின் மனைவி வந்தார். என் தோள் பையையும் முழித்த முழியையும் பார்த்தார்.

“நீதானா அது?”

“ஆமாம்மா. மன்னிச்சிடுங்க. தெரியாம…”

“காலையில மெயிலைத் திறக்கிறேன், ‘காலமானார்’னு போட்டிருக்கு. இந்த மனுஷன் நாற்காலியில வாயைத் திறந்து வெச்சுக்கிட்டுத் தூங்குறாரு. ஓடிப்போய் மூக்குல கை வெச்சுப் பார்த்து ஒரே கத்தல். அந்தக் கத்தலுக்கு இவரு எழுந்தாரு, மொத்தத் தெருவும் எழுந்துடுச்சு.”

“ஃபோன் போட்டேன்மா, யாருமே எடுக்கல.”

“எடுத்து என்னன்னு சொல்றது? உள்ள வா. உன்னோட எனக்கு ஒரு வழக்கு இருக்கு.”

கூடத்தில், ஜன்னலை ஒட்டிய நாற்காலியில், மடியில் டேப்லெட்டோடு கோச் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது. ஆனால் கண் அதே கண். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சூடாக இருந்தது அந்தக் கை. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன, வெட்கமில்லாமல் இரண்டையும் செய்தேன்.

“செத்தவனே வந்து வரவேற்றா நீ பயந்துடுவேன்னுதான் இவளை அனுப்பினேன்” என்றார். “உட்காரு. நல்லா எழுதியிருக்கே. ஆனா ‘மாமனிதர்’னு ரெண்டு இடத்துல வருது. ஒண்ணைத் தூக்கிடு. அப்புறம் எவனோ என்னை மென்மையாப் பேசுறவர்னு சொல்லியிருக்கான். அவன் பயிற்சிக்கே வந்திருக்க மாட்டான்.”

“அதெல்லாம் இருக்கட்டும்” என்று குறுக்கே புகுந்தார் மனைவி. “‘அவருக்கு மனைவியும் ஒரு மகளும் உள்ளனர்.’ இவ்வளவுதானா நான்? ஒரு டீம் முழுக்கப் போட்ட அழுக்கு பனியனை வருஷக்கணக்கா யாரும்மா துவைச்சது? கடைசி பாராவுல, கடைசி வரியில, மகளோட சேர்த்து ஒட்டி வெச்சிருக்கே!”

“மாத்திடறேன்மா. தனி பாரா போடறேன்.”

“போட்டோவும் போடு. இவர் போனா நான் எங்க அழுதுகிட்டே போட்டோ தேடுவேன்? இப்பவே தரேன்” என்று சொல்லிவிட்டு அலமாரிப் பக்கம் போனார். கோச் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் பயந்த மாரடைப்பு எங்கே, இவர்கள் எங்கே! ரயிலில் விழுங்கிய ரொட்டி அப்போதுதான் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்தது என்று நினைக்கிறேன்.

பேட்டியை ஆரம்பிக்கலாம் என்று ரெக்கார்டரை எடுத்து வைத்தேன். கோச் அதைப் பார்க்கவில்லை. டேப்லெட்டில் ஓர் இடத்தைப் பெரிதாக்கிக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். எந்த இடம் என்று எனக்குத் தெரியும்.

“இது அவன் சொன்னதுதானா? நீயா எழுதினதா?”

“அவர் சொன்னதுதான் சார். ஒரு வார்த்தை நான் சேர்க்கல.”

அவர் வாய்விட்டுப் படித்தார். “‘என் முகத்துல முழிக்காதேன்னு சொன்னார். அவர் சொன்னது எதையும் நான் தட்டினதில்ல. இதையும் தட்டல. தினமும் அவரை நெனைச்சுக்கிட்டுத்தான் கிரேன்ல ஏறுவேன்.’” படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார். “தட்டினதில்லையாம். முட்டியை மறைச்சவன் பேசுறான் பாரு.”

யாரும் சிரிக்கவில்லை. கோச் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“அவன் நம்பர் உன்கிட்ட இருக்கா?”

இருந்தது. ஆனால் பேசியவரின் எண்ணை இன்னொருவருக்குத் தருவது எங்கள் தொழிலில் கூடாது. மேலும் நான் சத்தியம் வேறு செய்திருக்கிறேன். ஏற்கெனவே பாதி சத்தியத்தை உடைத்தாகிவிட்டது. மீதியையும் உடைப்பதா? கோச்சைப் பார்த்தேன். எத்தனை இறுதி ஆட்டங்களில் அவர் முகத்தைக் கேலரியிலிருந்து பார்த்திருக்கிறேன், இவ்வளவு பதற்றமாக ஒருநாளும் இருந்ததில்லை. உடைத்தால் உடையட்டும் என்று துணிந்துவிட்டேன்.

“நம்பரைத் தர மாட்டேன் சார். நானே போட்டுத் தரேன்.”

எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தபோது காற்றும் இரும்புச் சத்தமும்தான் முதலில் கேட்டன. ஹலோ சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் ஏணி முந்திக்கொண்டார்.

“எப்போம்மா போனாரு?”

என் தலையில் அப்போதுதான் உறைத்தது. கோச் போன அன்றைக்குத்தானே நான் கூப்பிடுவதாகப் பேச்சு? “அண்ணா, இல்ல, நான் சொல்றதை…” என்று தடுமாறினேன். அவர் காதில் எதுவும் விழவில்லை. அவ்வளவு பெரிய ஆள் அழுகிற சத்தம் ஃபோனிலிருந்து வந்து அந்தக் கூடம் முழுக்க நிறைந்தது. “ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கலாம்மா. திட்டினா திட்டட்டும்னு போய் நின்னிருக்கலாம்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

கோச் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

“டேய் ஏணி. நான் இன்னும் போகலடா.”

அழுகை சட்டென்று நின்றது.

“சார்?”

“நான்தான். மேல உட்கார்ந்திருக்கியா, கீழ நிக்கிறியா?”

“கீழதான் சார். படியில உட்கார்ந்துட்டேன்.”

“முட்டி எப்படி இருக்கு? பொய் சொல்லாம சொல்லு.”

“வலிக்குது சார். குளிர் வந்தா ரொம்பவே வலிக்குது.”

“சரி. சொல்லிட்டே இல்ல. அது போதும்.” கோச் ஃபோனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “நான் சொன்னது எல்லாத்தையும் கேட்டேன்னு பேப்பருக்குப் பெருமையாச் சொல்லியிருக்கே. எனக்கு உன்மேல கோவமில்லடா. நீ விழுந்ததைப் பார்த்துப் பயந்துட்டேன், அவ்வளவுதான். பயத்துல ஒருத்தன் வாய்க்கு வந்ததைச் சொன்னா, அதையுமா கேட்பே?”

ஏணி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, தண்ணீர் குடிக்க அனுமதி கேட்கிற கல்லூரிப் பையனின் குரலில், “வரட்டுமா சார்?” என்றார்.

கோச் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தலையை ஆட்டினார். ஃபோனுக்குக் கண் இல்லை என்பது மறந்துபோய், அதைப் பார்த்தே பெரிதாக, மறுபடி மறுபடி ஆட்டிக்கொண்டிருந்தார்.

“சார்? இருக்கீங்களா சார்?”

நான் ஃபோனை எடுத்துக்கொண்டேன்.

“தலையாட்டுறார்ண்ணா” என்றேன். “கிளம்பி வாங்க.”