நிறுத்தமில்லாத இடத்தில் நின்ற பேருந்து

எங்கள் தெருமுனைக் காலிமனையில் இருந்த குப்பைமலையில் மேகம் முட்டி மழை பெய்யும் என்றால் என் மனைவி நம்பமாட்டாள். நீங்களாவது நம்புங்கள். கிழிந்த மெத்தை, கால் போன கட்டில், இடித்த சுவர் என்று ஊரே அங்கேதான் கொட்டியது.

மலையை ஒட்டித் தையல்காரம்மாவின் கடை. அளவு கொடுக்க வருகிறவர்கள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றால் எப்படி அளவெடுப்பது?

"இந்த மாசத்தோட கடையைக் காலி பண்றேன் கண்டக்டர் அண்ணே. ஒருத்தரும் வர்றதில்ல" என்றார்.

முப்பத்தாறு வருடம் பேருந்துக் கூட்டத்தை அடக்கியவன் நான், குப்பையை விடுவேனா? ஞாயிற்றுக்கிழமை எட்டு வீட்டுக்காரர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். சாயங்காலம் தரை தெரிந்தது. குப்பையில் கிடைத்த நல்ல பெஞ்சு ஒன்றைக் கழுவி அங்கேயே போட்டோம். மறுபடி யாரும் கொட்டாமல் இருக்க நானே காவல்.

"வீட்ல சும்மா உக்கார்றத அங்க போய் உக்காருங்க. எனக்கும் நிம்மதி" என்றாள் மனைவி.

மூன்றாம் நாள் காலை, இடிபாடு ஏற்றிய குட்டி லாரி ஒன்று பின்பக்கமாக மனைக்குள் நுழைந்தது. ஆறடி உயரம் துள்ளி எழுந்தேன். சட்டைப்பையில் பழைய விசில். ஒரே ஊது!

லாரி நிற்கவில்லை. சாலையில் போய்க்கொண்டிருந்த பேருந்து நின்றது, லாரியின் மூக்கை உரசினாற்போல. ஒரு விசில் என்றால் நிறுத்து. ஓட்டுநர் என்னோடு பதினெட்டு வருடம் ஓட்டியவர். காது கேட்பதற்கு முன் கால் பிரேக்கை மிதித்துவிட்டது.

"என்னண்ணே, ரிட்டயர் ஆகியும் விடமாட்டீங்களா?"

நின்றதுதான் சாக்கென்று நாலு பேர் இறங்கினார்கள். அதில் ஒருத்தர் லாரிக்காரனிடம், "ஏம்ப்பா, இறங்குற இடத்துலயா கொட்டுவ?" என்று ஒரு பிடி பிடித்தார்.

"இங்க ஸ்டாப்பே கிடையாதே!" என்றான் லாரிக்காரன்.

"இப்ப இருக்கு" என்றேன்.

பேருந்து போக இரண்டு விசில் கொடுத்தேன். லாரியும் சுமையோடு கிளம்பியது.

மறுநாள் பெஞ்சில் எனக்கே இடமில்லை. வாரக் கடைசியில் வரிசையின் வால் பக்கத்து ஊரில் இருந்தது. போக்குவரத்து அலுவலகத்திலிருந்து வந்து பார்த்து, பலகையும் நட்டுவிட்டுப் போனார்கள். இத்தனை பேர் கண்ணெதிரே எவன் கொட்டுவான்? பேருந்து வரும்வரை சும்மா நிற்பானேன் என்று தையல்காரம்மாவின் கடைக்குள் எட்டிப் பார்க்கவும் ஆரம்பித்தார்கள்.

மாதக் கடைசியில் கடைக்குப் போனேன். கயிறு கட்டிய பெட்டிகளுக்கு நடுவே அவர் ஒரு முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே, இதைக் கொஞ்சம் அவுத்து விடுங்க. நூல்கண்டெல்லாம் உள்ள மாட்டிக்கிச்சு. நாளைக்கே மூணு பிளவுஸ் கேக்குறாங்க."

அவிழ்த்தேன். பதிலுக்கு என் சட்டையில் விசிலுக்கென்றே தனிப்பை வைத்துத் தைத்துத் தந்தார். அதைப் பார்த்த என் மனைவி நேரே கடைக்குப் போனாள்.

"நல்லா இருக்கும்மா. அப்படியே வாயையும் சேத்துத் தைச்சிடு."

"எதோட வாயைக்கா? பையோடதா?"

"அவரோடதுதான்!"