நாலு மணி முகூர்த்தம்

அஞ்சலிச் சுவரொட்டியில் கல்யாணப் பத்திரிகை எழுத்து விழுந்துவிட்டதால், வத்தல் வியாபாரி ஆறுமுகப்பெருமாள் பாடை கட்டி முடியுமுன்பே எழுந்து குளிக்கப் போனார். வந்து பட்டு வேட்டி கேட்டார்.

மனைவி கனகமணி எடுத்துக் கொடுத்தாள். முப்பது வருஷமாக அவளை ‘இந்தா’ என்றே கூப்பிட்டவர், இன்று ‘கனகமணி’ என்றார். சொன்ன பெயரின் கடைசியில் ஒரு சுழிப்பு இருந்தது. அது காற்றில் இறங்கி அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. சில்லென்றிருந்தது.

அவள் வாசல் சுவரொட்டியை உரித்துக்கொண்டு அச்சகத்துக்கு நடந்தாள். தெரு வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. சுழிப்பும் அறுபடாமல் கூடவே நீண்டது.

அச்சகக்காரர் ஜெபராஜ் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

“ரெண்டுலயும் பேரு, வீடு, நேரம், சொந்தக்காரங்கதானக்கா. எழுத்து ஒண்ணுதான் வித்தியாசம். மாறிப்போச்சு.”

“எந்திரிச்சு உக்காந்திருக்காரு, தம்பி.”

“உக்காராம? ஜவுளிக்கடைப் பை, அல்வாப் பெட்டி, கல்யாணம். இந்த மூணுக்கு உண்டான எழுத்து இது. சாவுன்னா அதுக்குத் தெரியாது.”

திரையை அவள் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு எழுத்தும் அடுத்த எழுத்தின் கையைப் பிடித்திருந்தது. கணவர் பெயரின் வால் நெளிந்து நெளிந்து கீழே வந்து, ‘மனைவி கனகமணி’யைக் கட்டியிருந்தது. முடிச்சுகளை எண்ணினாள். மூன்று.

அதற்கும் கீழே, ‘இன்று மாலை நான்கு மணிக்கு இல்லத்திலிருந்து’ என்றிருந்தது.

“முகூர்த்தம் நாலு மணி. ஜோடியாப் போகணும்.”

“எங்க?”

“மயானத்துக்குத்தான். எடம் மாறலையே.”

“வாலை வெட்டிட்டா?”

“அவரு படுத்துருவாரு. நீங்க இருப்பீங்க.”

இரண்டு விலை சொல்பவனிடம் மூன்றாவது ஒன்று கண்டிப்பாக இருக்கும். வத்தல் மண்டியில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இது தெரியாதா? அவள் மணிக்கட்டைத் தடவியபடி யோசித்தாள். இனி யார் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடப்போகிறார்கள்?

“வால் கெடக்கட்டும். நேரத்தை எடுத்துரு.”

ஜெபராஜ் முதல் தடவையாக நிமிர்ந்தார். “எடுத்தா ஊருக்கே நாலு மணி வராதுக்கா. பள்ளிக்கூடம் விடாது.”

“விடாட்டி என்ன. படிக்கட்டும்.”

எடுத்தார். சுவர்க் கடிகாரம் மூன்று ஐம்பத்தொன்பதில் நின்றது.

வீட்டு வாசலில் கொட்டுக்காரர்களின் குச்சிகள் ஓங்கியபடி இருந்தன. சங்கு ஊதுபவருக்குக் கன்னம் உப்பியிருந்தது. யாரும் எதற்கும் அவசரப்படவில்லை. ஆறுமுகப்பெருமாள் மாலையோடு நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகப் போட்டிருந்தது. கனகமணி அதில் உட்கார்ந்தாள். சில்லிப்பு முழங்கைவரை ஏறியிருந்தது.

“கனகமணி, நேரமாச்சா?”

“இன்னும் இல்லீங்க.”

வெயில் நகரவில்லை. அவர் மறுபடி கேட்டார். அவள் மறுபடி சொன்னாள். எத்தனையாவது தடவை என்று தெரியவில்லை, அவள் பதிலின் கடைசியிலும் ஒரு சுழிப்பு வந்திருந்தது. அது மெல்ல இறங்கி, அவருடைய மணிக்கட்டைத் தேடிப் போனது.