டெஸ்மண்ட் ட்ரான்டர் தேர்ந்தெடுத்த குதிரை

ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கார்ஸ்டன் திடலின் நான்காவது தடை தாண்டும் பந்தயம் டெஸ்மண்ட் ட்ரான்டரின் பெயரில் ஓடியது. முழுப் பெயர் 'ட்ரான்டர் செப்டிக் டேங்க் கிளீனிங் கோப்பை'. ஒலிபெருக்கியில் அதை அறிவித்தவர் 'ட்ரான்டர்' வரைக்கும் கம்பீரமாக வந்து, அடுத்த சொல்லுக்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நம்ம பேரு அவருக்குத் தொண்டையில அடைச்சிடுச்சு. லாரியை அனுப்பட்டுமா?" என்றார் டெஸ்மண்ட், மனைவி பெரிலிடம்.

முப்பது வருடமாக அவர் அப்படித்தான். மற்றவர்கள் சொல்லிச் சிரிப்பதற்குள் தானே சொல்லிவிடுவார். மூன்று லாரி, நான்கு ஆட்கள், சுற்றுவட்டாரத்தில் எந்தப் பண்ணை வீட்டின் தொட்டி எப்போது நிரம்பும் என்கிற மனக்கணக்கு, இதுதான் அவர் தொழில். வருடம் தவறாமல் கோடைப் பந்தயங்களுக்கு வந்து புல்லில் உட்கார்ந்து பன்றிக்கறி சாண்ட்விச் தின்றுவிட்டுப் போகிறவர்தான். வருடாவருடம் கோப்பை கொடுத்துவந்த ஜாம் கம்பெனி இந்த முறை விலகிக்கொள்ள, திடலின் மேலாளர் ரோவெனா போனில் கூப்பிட்டிருந்தாள். அவள் பேசி முடிப்பதற்குள் டெஸ்மண்ட் சரி என்றுவிட்டார். வீட்டில் மட்டும், "கெஞ்சினாங்க, மறுக்க முடியல" என்றார். ரோவெனாவிடம் இருந்த பட்டியலில் தான் ஏழாவது ஆள் என்பதைப் பெரிலிடம் சொல்லவில்லை. பெரிலுக்கு அது ரோவெனா மூலமாகவே தெரிந்துபோயிருந்தது. அவளும் சொல்லவில்லை.

கோப்பை கொடுப்பவருக்கு ஒரு கடமை உண்டு. பந்தயத்துக்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்திவருவார்கள். அவற்றில் எது நன்றாகச் சீவிச் சிங்காரித்து வந்திருக்கிறது என்று அவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தக் குதிரையைப் பராமரிக்கிறவருக்குப் பணம் வைத்த ஓர் உறை பரிசு.

டெஸ்மண்டுக்குக் குதிரை என்றால் பயம். அதோடு, போட்டோவில் நன்றாக விழ வேண்டும் என்று கண்ணாடியைக் காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். ஒன்பது குதிரைகளும் அவருக்கு ஒன்பது பழுப்பு மேகங்களாகத் தெரிந்தன. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி, ஒவ்வொன்றின் காலையும் குனிந்து பார்த்தார்.

"காலை எதுக்குப் பாக்கற?" என்று பெரில் கிசுகிசுத்தாள்.

"விஷயம் தெரிஞ்சவங்க காலைத்தான் பாப்பாங்க."

"உனக்கு என்ன தெரியும்?"

"நாலு இருக்கான்னு எண்ணிக்கிட்டிருக்கேன்."

கடைசியில், மஞ்சள் கலந்த வெளிறிய செம்பட்டை நிறத்தில் ஒன்று வெயிலில் மினுமினுத்துக்கொண்டு வந்தது. பிடரி மயிரைச் சின்னச் சின்னக் கொண்டைகளாகப் போட்டிருந்தார்கள். மேகங்களுக்கு நடுவில் அது ஒன்றுதான் அவர் கண்ணுக்கு அகப்பட்டது. பெயர் மிஸ்டர் கஸ்டர்ட். டெஸ்மண்ட் கையை நீட்டிக் காட்டினார். அந்த நிமிடம் பார்த்து மிஸ்டர் கஸ்டர்ட் நின்று, வாலைத் தூக்கி, அவருடைய புது ஷூவுக்கு ஒரு சாண் தள்ளிச் சாவகாசமாகச் சாணி போட்டது.

வேலியோரம் நின்ற கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "டெஸ்மண்ட்! ஞாயித்துக்கிழமைகூட உனக்கு லீவு கெடையாதா?"

திடலே சிரித்தது. டெஸ்மண்ட் தொப்பியைக் கழற்றிக் குதிரைக்கு வணக்கம் வைத்தார். காது மட்டும் சிவந்துவிட்டது.

ஆனால் குதிரைகள் ஓடக் கிளம்பியதும் அவர் எதிர்பாராத ஒன்று நடந்தது. அது தன் குதிரை என்று தோன்றிவிட்டது. பெரிலை இழுத்துக்கொண்டு கம்பி வேலிக்கு ஓடினார். முதல் சுற்றில் ஒன்பதும் தரை அதிர எதிரே கடந்து, பியர் கூடாரத்துக்குப் பின்னாலிருந்த வளைவில் திரும்பின. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரின் தோளைத் தட்டி, "அந்த மஞ்சக் குதிரை, நான் தேர்ந்தெடுத்தது" என்று விளக்கிக்கொண்டிருந்ததில், வளைவுக்கு அப்பால் கூட்டம் 'ஐயோ' என்றது அவர் காதில் விழவில்லை. ஒலிபெருக்கி ஏதோ சொன்னதும் விழவில்லை.

திடலின் எதிர்ப்பக்கத்தில் மஞ்சள் புள்ளி மெல்ல முன்னேறியது. ஐந்தாவது, மூன்றாவது, இரண்டாவது. ஒவ்வொரு தடையையும் காற்றில் மிதந்து தாண்டியது. டெஸ்மண்டுக்குத் தன் வயது மறந்துபோயிற்று. பந்தயத் தாளில் அதை ஓட்டும் ஜாக்கியின் பெயர் டெக்லன் என்று ரோவெனா வாசித்துக் காட்டியது நினைவு வந்தது.

"வாடா டெக்லன்! விடாதே! அப்படியே உக்காந்துக்கோ டெக்லன்!"

"டெஸ்மண்ட்" என்றாள் பெரில்.

"இரு பெரில்! வாடா ராஜா! என்னமா ஓட்டறான் பாரு! வா டெக்லன், வா!"

"வந்துட்டேன் சார்."

குரல் முழங்கைக்கு அருகிலிருந்து வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், மஞ்சள் சட்டையில் புல்லும் மண்ணும் அப்பிக்கொண்டு, ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி ஒல்லியான ஒருவன் நொண்டிக்கொண்டு வந்து நின்றான்.

"நீ யாருப்பா?"

"டெக்லன். அந்த வளைவுலயே விழுந்துட்டேன்."

மிஸ்டர் கஸ்டர்ட், முதுகில் யாரும் இல்லாமல், மூன்று குதிரை நீள வித்தியாசத்தில் முதலாவதாக முடிவுக் கம்பத்தைக் கடந்தது.

"அப்ப அது ஜெயிக்கலையா?" என்று டெஸ்மண்ட் கேட்டார்.

"மேல ஆள் இருந்தாத்தான் சார் கணக்கு. இருந்தாலும் சொல்றேன், கீழ விழுந்தப்புறம் எனக்காக இவ்வளவு சத்தம் போட்ட ஆளு நீங்கதான். நான் ஒழுங்கா ஓட்டறப்பகூட எங்கம்மா இப்படிக் கத்தினதில்ல."

பெரில் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, நிறுத்தி, மறுபடி சிரித்தாள். டெஸ்மண்ட் சற்று முன் தோளைத் தட்டிய ஆசாமி இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

உண்மையாக ஜெயித்தது திருமதி கோல்பர்னின் குதிரை. கோப்பையை வாங்கிக்கொண்டவள் டெஸ்மண்டின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"உங்கள எனக்குத் தெரியுமே. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வந்தீங்க. வீட்ல பதினாலு விருந்தாளி."

"பதினாலு பேருக்கு அந்தத் தொட்டி பத்தாதும்மா" என்றார் டெஸ்மண்ட் பணிவாக. மைக் அணைக்கப்படாமல் இருந்தது. அது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. திருமதி கோல்பர்ன்தான் முதலில் சிரித்தாள். போட்டோவில் இருவரும் வாய் பிளந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணாடி போட்டிருந்தாரா இல்லையா என்று எவரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

உறையை எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் போனார். மிஸ்டர் கஸ்டர்டைப் பிடிக்க இன்னும் அரை சுற்று ஓட வேண்டியிருந்ததாம். அதைப் பராமரிக்கும் மோயிரா, நாற்பது வயதுக்காரி, முகமெல்லாம் வியர்வையோடு வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். போட்டிருந்த கொண்டைகளில் பாதி அவிழ்ந்து தொங்கின.

"காலைல அஞ்சு மணிலேர்ந்து பின்னினேன் சார். சிங்காரிச்சதுக்காவது பேர் வந்துச்சே" என்று உறையைச் சட்டைப்பையில் செருகினாள். "கொஞ்சம் இந்தக் கயித்தப் புடிங்க."

"நானா? எனக்குக் குதிரைன்னா..."

கயிறு அதற்குள் அவர் கைக்கு வந்துவிட்டது. மோயிரா வாளியைத் தூக்கி முதுகில் ஊற்றினாள். மிஸ்டர் கஸ்டர்ட் உடம்பை உதறியதில் அவருடைய லினன் கோட்டு முழுக்க நனைந்தது. அப்புறம் அது தன் கனமான தலையைக் கொண்டுவந்து அவர் தோளில் வைத்துப் பெருமூச்சு விட்டது. டெஸ்மண்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அதன் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். எதிர்பார்த்ததைவிடச் சூடாக இருந்தது.

பெரில் வாசலில் வந்து நின்றாள். "கடைசிப் பந்தயம் ஆரம்பிக்கப் போகுது. வரலையா?"

"நீ போய்ப் பாரு. என்னை நம்பிக் குடுத்திருக்காங்க."

"மோயிரா எங்கே?"

"டீ குடிக்கப் போயிட்டா."

"போய் எவ்வளவு நேரமாச்சு?"

"இருக்கும், ஒரு கால் மணி நேரம்" என்றார் டெஸ்மண்ட், குதிரை விழித்துக்கொள்ளாதபடி மெதுவாக. அது கண்ணை மூடியிருந்தது.