பிளட்வுட் பிசின்

நகராட்சிக் கலைக்கூடத்தில் எனக்கு ஒரு முழுச் சுவரைக் கொடுத்தபோதே இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று தோன்றியது. வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பிருந்தே இந்த ஆஸ்திரேலிய, குயின்ஸ்லாந்து மண்ணில் இருக்கிறோம். ஆனாலும் எங்கள் மர்ரி ஆதிகுடி ஜனத்துக்கு இந்த ஊரில் எதுவும் சும்மா கிடைத்ததில்லை. சுவரைக் கொடுத்தவன் டெல்ராய், என் சித்தி மகன். அங்கே அதிகாரி. இஸ்திரி போட்ட சட்டை, மேயருக்குப் பக்கத்து நாற்காலி. எங்கள் பிள்ளைதான், ஆனால் யாருடைய ஆள்?

ஊர் நடுவே நிற்கும் நினைவுக்கல்லில் ஒரு வாக்கியம் உண்டு: ‘ஓடைக்கரையில் கறுப்பர்கள் கலைக்கப்பட்டனர்.’ சுட்டுக் கொன்றதற்கு அவர்கள் வைத்த பெயர் அது. அந்த வாக்கியத்தைச் சாக்கட்டியால் சுவர் முழுக்க எழுதினேன். அதன் மேலேயே, பிளட்வுட் மரத்தின் சிவப்புப் பிசினைக் கரைத்து, ஓடைக்கரையில் விழுந்து கிடந்தவர்களை வரைந்தேன். ஆண்கள், பெண்கள், கைக்குழந்தைகள்.

டெல்ராய் தினமும் வந்து நின்றான். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிசின் கழுவினால் போகுமா, காய நாளாகுமா என்று குடைந்துகொண்டே இருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மேல வெள்ளையடிச்சா என்னக்கா ஆகும்?” என்றான் ஒருநாள்.

“ஏன், பெயிண்ட் வாங்கியாச்சா? சாதா பெயிண்ட் அடிச்சா பிசின் ஊறி வெளிய வந்துரும். எண்ணெய்ப் பூச்சு அடிச்சாத்தான் அடங்கும். போ, போயி ஒன் மேயர்கிட்ட சொல்லு.”

கோபத்தில் உளறிவிட்டேனே என்று அன்று முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன். படத்தை அழிக்கும் வழியை நானே சொல்லிக்கொடுத்தாயிற்று.

கண்காட்சி முடிந்ததும் சுவரை வெள்ளையடிக்கச் சொன்னார் மேயர். அடித்தது வேறு யாருமில்லை, டெல்ராயேதான். மேயர் நின்று பார்க்க, பெயிண்ட் உருளையை உருட்டினான். துரோகி என்று நேராகவே சொன்னேன். சித்தி வீட்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன்.

மழைக்காலத்தில் அவனே போன் செய்து கலைக்கூடத்துக்கு வரச் சொன்னான். வேண்டாவெறுப்பாகப் போனேன்.

சாக்கட்டி வாக்கியம் வெள்ளைக்குள் போயே போய்விட்டது, ஓர் எழுத்துகூட மிச்சமில்லை. ஆட்கள் மட்டும் வந்திருந்தார்கள். பழுப்பாக ஊறி, குழந்தைகள் உட்பட எல்லாரும். மேயர் சுவரைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மறுபடியும் அடிக்கச் சொல்றாருக்கா,” என்றான் டெல்ராய். அவன் காலடியில் புது டப்பாக்கள் இருந்தன. எல்லாம் சாதா பெயிண்ட்.

நான் குரலைத் தாழ்த்தினேன். “டேய், எண்ணெய்ப் பூச்சுன்னு சொன்னேனேடா?”

“அத அவர்கிட்ட யாருக்கா சொல்றது?”

அவனிடமிருந்த இன்னோர் உருளையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.