வெறுங்கண் வாசிப்பு

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாளை யாரும் படிப்பதில்லை என்று உலகமே சொல்லும். அந்த அச்சகத்தில் அப்படிச் சொன்னால் வேலை போய்விடும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தவரே முதல் தாளைக் கையில் பிடித்து, கண்ணாடியோ லென்ஸோ இல்லாமல், உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். மிஷின்காரர் மருந்துக் கம்பெனி கொடுத்த மூலத்தில் விரல் வைத்தபடி வரிவரியாகச் சரிபார்ப்பார். "நோயாளி என்ன, தலைமாட்டுல பூதக்கண்ணாடி வச்சுக்கிட்டா படுத்திருக்கான்?" என்பார் முதலாளி.

பதினெட்டு வருஷமாக அப்படிப் படித்தவளுக்கு 'கழுகு' என்று பட்டப்பெயர். செரிஃப் எழுத்துகளில், அதாவது கோட்டின் முனையில் குட்டிப் பாதம் வைத்த எழுத்துகளில், எது ஐந்து பாயிண்ட் என்கிற பொடி அளவில் தாக்குப்பிடிக்கும், எது மை பட்டதும் மூச்சுத் திணறும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். அகன்ற முகம் வேண்டும், திறந்த வாய் வேண்டும், கோடுகள் நோஞ்சானாக இருக்கக் கூடாது. மாப்பிள்ளை பார்க்கிறாள் என்று கிண்டல் செய்வார்கள்.

நாற்பத்தைந்து முடிந்ததும் கிட்டத்தில் இருப்பதெல்லாம் கலங்கத் தொடங்கியது. அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. கண்ணாடி போட்டால் அந்த நாற்காலி வேறு ஆளுக்குப் போய்விடும். அவள் கண்டுபிடித்த வழி வெட்கக்கேடானதுதான். திரையில் எழுத்தைப் பெரிதாக்கி, முழுவதையும் மனப்பாடம் செய்துகொண்டு, தாளைக் கையில் பிடித்தபடி ஒப்பித்தாள். மிஷின்காரரின் கண் மூலத்தில் இருக்கும். அவளிடம் பிழை எப்படி வரும்?

பிறகு இதயத்துக்கான சொட்டு மருந்து ஒன்று வந்தது. கம்பெனி கடைசி நேரத்தில் இரண்டு பத்தி எச்சரிக்கை சேர்த்தது. தாளின் அளவோ அதேதான். வழக்கமான எழுத்தில் அடங்கவில்லை. ஒடுக்கமான, ஒய்யாரமான புது செரிஃப் ஒன்றைப் போட்டாள். திரையில் அது கண்ணைப் பறித்தது. தாளில் மங்கலாகத் தெரிந்தது. அவளுக்கு இப்போது எல்லாத் தாளும் மங்கல்தான், அதனால் சந்தேகமே வரவில்லை. தடங்கலில்லாமல் ஒப்பித்துக் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் தம்பி போன் செய்தான்.

"அக்கா, அப்பாவுக்குப் புதுசா சொட்டு மருந்து குடுத்திருக்காங்க. எத்தனை சொட்டுன்னு டாக்டர் சொன்னாரு, மறந்து தொலைச்சிட்டேன். தாள்ல பார்த்தா மூணா எட்டான்னு புரியல. நீதானே இதெல்லாம் போடுறவ?"

மருந்தின் பெயரைக் கேட்டாள். அவள் ஒப்பித்துக் கையெழுத்துப் போட்ட அதே மருந்து.

"மூணுடா. மூணேதான். குடுத்துட்டியா?"

"இல்ல. எட்டுன்னுதான் நெனச்சேன். எதுக்கும் உன்னைக் கேட்டுக்கலாம்னு..."

அப்பா தப்பித்தார் என்ற நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. நாற்பதாயிரம் பெட்டிக்குத் தாள் போயிருக்கிறது. மற்ற வீடுகளில் யார் எந்த அக்காவைக் கேட்பார்கள்?

மிஷின்காரர் மேஜையில் கிடந்த லென்ஸை எடுத்தாள். பதினெட்டு வருஷத்தில் அவள் அதைத் தொட்டதில்லை. மாதிரித் தாளின் மேல் வைத்துப் பார்த்தாள். மூன்றின் வாயை மை அடைத்திருந்தது.

"என்னம்மா கழுகு, கையில லென்ஸ்?" என்று சிரித்துக்கொண்டே வந்தார் மிஷின்காரர்.

"அண்ணே, கம்பெனிக்குப் போன் போடுங்க. கடைக்குப் போனதையெல்லாம் திரும்ப எடுக்கச் சொல்லணும். மூணு எட்டாத் தெரியுது."

தாளை வாங்கிப் பார்த்தவருக்கு முகம் வெளிறிவிட்டது. "எப்படிம்மா? நீங்க மூணுன்னுதானே படிச்சீங்க. நான் விரல் வச்சுக்கிட்டே வந்தேனே!"

மை கூடிப்போச்சு என்று அவர் தலையில் கட்டியிருக்கலாம். நல்ல மனிதர், நம்பியிருப்பார். அதை நினைத்ததற்கே அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

"நான் படிக்கலண்ணே," என்றாள். "கண்ணு தெரியல. ஆறு மாசமா எல்லாத்தையும் ஒப்பிச்சுக்கிட்டிருக்கேன்."

"ஆறு மாசமாவா?"

அவர் திட்டவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். பிறகு அலமாரியைத் திறந்து, ஆறு மாதத்து மாதிரித் தாள்களையும் கட்டுக்கட்டாக இறக்கி அவள் முன்னால் வைத்தார். லென்ஸ் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"உக்காருங்க," என்றார். "இப்பவாவது படிங்க."